ஊற்று இடம் மாறியது

மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லொறி ஓட்டிய ஜோன்சனும் அவன் மனைவி பிரான்சிஸ்காவும் ஞாயிறு பூசை முடிந்ததும் வள்ளத்தில் ஏறிவிடுவார்கள். மூடிப்போன ஹோட்டல் ஒன்று கழித்துப் போட்ட வள்ளம் அது. மலை ஊற்றுகளிலிருந்து இறங்கும் ஆறு, பழைய அணைக்கு மேலே அரை மைல் தூரம் ஆழமாகத் தேங்கி நிற்கும். அவன் துடுப்புப் போடுவான். அவள் முன்னால் குனிந்து, உரப்பைகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் கொக்கியால் இழுத்தெடுப்பாள். கரைக்கு மேலே இருந்த அவர்களுடைய லயத்தில், ஒரே வரிசைத் தொழிலாளர் வீடுகளில், பன்னிரண்டு குடும்பங்கள். குடிதண்ணீரும் அதே ஊற்றுகளிலிருந்துதான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு ஆறு கலங்கிச் சிவந்து கிடந்தது.

"மூணு நாளா மழையே இல்லையே," என்றாள் பிரான்சிஸ்கா.

வள்ளத்தைக் கட்டிவிட்டு இருவரும் மலையேறினார்கள். பெரிய பாறைக்கு அடியில் ஊற்று வற்றியிருந்தது. பாசி மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே, லயத்துக் குசினிகளுக்கு நேர் பின்னால், மண்ணைப் பிளந்துகொண்டு புதுத் தண்ணீர் கொப்புளித்தது. மேலே நின்ற சவுக்கு மரங்கள் லயத்தின் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

லயத்துத் தலைவர் சின்னராசாவிடம் ஓடிவந்து சொன்னார்கள்.

"ஊத்து எடம் மாறுறது புதுசாடா? வீட்டு வாசலுக்கே தண்ணி வந்திருக்கு, நல்லதுதானே."

"மலை சரிஞ்சு மண்ணுக்குள்ள போன மீரியபெத்தயிலயும் இப்பிடித்தான்ணே நம்பிக்கிட்டு இருந்தாங்க," என்றாள் பிரான்சிஸ்கா.

அந்தப் பேரைக் கேட்டதும் பெண்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கப் போனார்கள். சின்னராசாவும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நான்கு நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, யார் தடுத்தும் கேளாமல், சின்னராசா தன் மனைவி ரெங்கம்மாவை அழைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். ஜோன்சனுக்கு மனம் பொறுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்து வரலாம் என்று மனைவியுடன் வள்ளத்தை எடுத்தான்.

பாதி தூரத்தில் பிரான்சிஸ்கா கையை உயர்த்தினாள். "துடுப்ப நிறுத்துங்க. அணையில தண்ணி விழுற சத்தம் இல்ல."

பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். தண்ணீர் கரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வேர்கள் வெளியே தெரிந்தன. சேற்றில் மீன்கள் துடித்தன. மேலே எங்கோ மண் விழுந்து ஆற்றை அடைத்திருந்தது.

ஜோன்சன் சின்னராசாவுக்கு ஃபோன் எடுத்தான்.

"அண்ணே, ஆறு நின்னுருச்சு. ரெண்டு பேரும் ரோட்டுக்கு வந்துருங்க."

"உலையில அரிசி கெடக்குடா."

"அடுப்ப விடுங்கண்ணே. வாங்க."

ஜோன்சனும் பிரான்சிஸ்காவும் வள்ளத்தை விட்டு, லயத்துக்கு எதிர்க்கரையில் ஏறினார்கள். முதலில் சவுக்கு மரங்கள் நின்றவாக்கிலேயே நகர்ந்தன. பிறகு மலையே இறங்கியது. லயம் போயிற்று. ஆறும் வள்ளமும் மண்ணுக்குள் போயின.

அவர்கள் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது, சின்னராசா அங்கே தனியாக நின்றார்.

"அக்கா எங்கண்ணே?" என்றாள் பிரான்சிஸ்கா.

"பின்னால தண்ணி புடிக்கப் போயிருந்தா. கூப்புட்டேன். கேக்கல போல."

ரெங்கம்மாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

தை மாதம், புது வீடுகளுக்கென்று வேறொரு மலைச்சரிவில் காணி காட்டினார்கள். அதிகாரி வரைபடத்தை விரித்து, ரோடு, வாசிகசாலை, கோயில் எல்லாம் வரும் இடங்களைச் சொன்னார். சின்னராசா கேட்டார்:

"இங்க ஊத்து எங்கங்க இருக்கு?"

அதிகாரி வரைபடத்தில் விரலை ஓட்டித் தேடினார்; ஊற்று எதுவும் அதில் குறித்திருக்கவில்லை.

சின்னராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். ஜோன்சனும் பிரான்சிஸ்காவும் அவர் பின்னால் போனார்கள்.