பல்லியைத் தொட்டவர்

ரேவதியைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார், பூனை குறுக்கே போனதென்று தெருமுனையிலேயே திரும்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டாருக்கு அவள் இடது கையால் எழுதுவது ஆகவில்லையாம். அட, இதற்கெல்லாம் எங்கே போய் அழுவது! ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிற ரேவதி சிரித்துவிட்டாள். கூடச் சேர்ந்து சிரிக்கத் தெரிந்தவன் கிடைத்தால் போதும் என்பதுதான் அவள் ஆசை.

மூன்றாவதாக ஆற்காட்டிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஆனந்தகுமார் வாயே திறக்கவில்லை. அவனுடைய அப்பா ராமலிங்கம் கேசரியை வாயில் வைக்கப்போன நேரம் பார்த்து, மேலேயிருந்து ஒரு பல்லி அவர் வழுக்கைத் தலையில் சொத்தென்று விழுந்தது.

"தலையில வுழக்கூடாதுபா! தோஷம் போவாம நான் சம்பந்தம் பேசமாட்டேன்" என்று எழுந்துவிட்டார்.

காஞ்சி வரதர் கோயிலில் இருக்கிற தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. கோயில் நடை சாத்தியிருந்தது. திறந்து போய்வருவதற்குள் ராகு காலம் வந்துவிடும்.

"கோயில் பல்லியைத் தொட்டவங்களைத் தொட்டாலும் போதும். நீங்க காஞ்சிவரத்துக்காரங்கதான? யாராச்சும் கையக் குடுங்க" என்றார் ராமலிங்கம்.

ரேவதியின் அப்பா பரசுராமன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சித்தியைப் பார்த்தாள். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து தொட்டுப் போகிறார்கள். உள்ளூர்தானே, எப்ப வேணா போய்க்கலாம் என்று இருந்த இந்தப் புண்ணியவான்களில் ஒருவர்கூட இதுவரை தொட்டதில்லை! அம்மாவுக்கு மானமே போயிற்று.

"மாடி வீட்டு அண்ணன் தொட்டிருப்பாரு" என்றாள் ரேவதி. ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்தார்.

"போன வாரம்தான் சார். சவாரி வந்த பெரியம்மாவால படி ஏற முடில. தாங்கிப் புடிச்சிக்கினு ஏறினேன். அப்டியே ரெண்டு பல்லியையும் தடவிட்டேன்."

ராமலிங்கம் ஆவலோடு கையை நீட்டினார். "பேரு?"

"சாமுவேல் சார்."

நீட்டிய கை அப்படியே நின்றது. ரேவதி ராமலிங்கத்தை விட்டுவிட்டு ஆனந்தகுமாரையே பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பல்லியே ஒண்ணும் சொல்லல. உனக்கு இன்னாபா?" என்று கேட்டுவிட்டு, அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தான் அவன்.

ராமலிங்கம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்து, சாமுவேலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குச் சம்மதம்" என்றாள் ரேவதி.

அவளை இன்னும் யாரும் கேட்கவே இல்லை.