வாய்ப்பு அளிக்கப்படவில்லை

பதினைந்து சொற்களை அதிதி நிதானமாகப் படித்தாள். சீப்பு, குதிரை, கூரை, ஊசி என்று பட்டியல் போயிற்று. முடிந்ததும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறு சொற்கள் வந்தன. ஏழாவதாக 'சோப்பு' என்றேன். அது பட்டியலிலேயே இல்லை.

"எழுதி வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்ல கூடாதுங்க."

"பஸ்ல?"

அவள் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "பஸ்ல எதுக்குக் கூடாது? தாராளமா வச்சுக்கலாம்."

எனக்கு அது போதும்.

பெங்களூர் கோரமங்கலாவில் ஓர் ஆராய்ச்சி மையத்தின் இரண்டாம் மாடி. எனக்கு ஸ்கிட்சோஃப்ரினியா. என்னைப் போன்றவர்களின் நினைவும் கவனமும் எப்படி இருக்கின்றன, அதே ஆட்கள் அன்றாடம் சமைக்கிறார்களா, கடைக்குப் போகிறார்களா, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கும் ஆய்வு அது. அதிதி அதில்தான் பிஎச்.டி. செய்கிறாள். மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். பாதிப் பேச்சு கன்னடத்தில் வரும்.

ஏழு வருடங்களுக்கு முன் நான் வைட்ஃபீல்டில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் ஒருவன் பேசிக்கொண்டே இருந்தான். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வேலையை விட்டேன். விட்டேன் என்பது மரியாதைக்கு. மாத்திரை ஆரம்பித்ததும் அவன் சத்தம் குறைந்தது, போகவில்லை. இப்போது பக்கத்து வீட்டு டிவி மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஈஜிபுராவில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நானும் அக்காவும் இருக்கிறோம். அக்கா சீதாலட்சுமி, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். அறுபது பெண்களை மேய்க்கிறவள். வீட்டில் என்னை.

எனக்கு ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டு கழுவும் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை. கேன்டீனை எடுத்து நடத்துகிற அப்பாதுரை அண்ணனிடம் என் வியாதியைப் போனிலேயே சொல்லிவிட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. தனியா வருவியா? ஒருத்தர் கூட்டியாந்து விட்டாத்தான் வருவேன்னா, அவங்களுக்குக் காய்ச்சல்னா உனக்கும் லீவு. எனக்கு அது ஆகாது. சனிக்கிழமை ஒன்பதுக்கு வா, பாக்கலாம்."

நியாயமான பேச்சு. ஆனால் அக்கா என்னைத் தெருமுனைக்கு அப்பால் தனியாக விட்டு நாலு வருடம் ஆகிறது. "அந்த சென்டர்ல சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். அதனால்தான் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு என்னோடு இங்கே வந்திருந்தாள்.

சொற்கள் முடிந்ததும் எண்கள், குறிகள், ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்பது. பதினொன்று சொன்னேன். பிறகு அதிதி அக்காவை உள்ளே அழைத்தாள். வீட்டில் கூட இருப்பவர் பதில் சொல்ல வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம். தானே செய்வார். உதவியோடு செய்வார். செய்ய முடியாது. நாலாவதில், வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

"அவர் முன்னாடியே கேக்கலாமா? இல்ல வெளிய இருக்கச் சொல்லட்டுமா?"

"இருக்கட்டும். எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா.

"தானா சமைப்பாரா?"

"முடியாது."

"மாத்திரையைத் தானா எடுத்துப் போட்டுக்குவாரா?"

"முடியாது. நான்தான் கையில குடுப்பேன்."

"பஸ்ல தனியா போவாரா?"

"முடியாது."

"கடைசியா எப்போ போனாரு மேடம்?"

"நான் விடமாட்டேன்."

அதிதி பேனா முனையால் நாலாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஸ்வல்ப, கொஞ்சம் இதைப் பாருங்க. விடாம இருக்கறது வேற, முடியாம இருக்கறது வேற."

"எதுக்கு விடணும்? ஒரு தடவை விட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அத்திபெலே பஸ் ஸ்டாண்டுல செருப்பு கூட இல்லாம உக்காந்திருந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நாயா அலைஞ்சது நான். நீங்க வந்தீங்களா?"

அக்கா சொன்னது உண்மை. அத்திபெலேயில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. காதுக்குள் இருந்தவன் இறங்காதே என்றான், நான் இறங்கவில்லை. அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அப்போது மாத்திரையை நிறுத்தியிருந்தேன்.

"சரி, டெஸ்ட்ல எவ்ளோ எடுத்தான்? பாஸா, ஃபெயிலா?"

"இது ஆராய்ச்சி மேடம். பாஸ் ஃபெயில் எல்லாம் இல்ல. நிறைய பேரோட மார்க்கைச் சேர்த்து வச்சுத்தான் நாங்க ஏதாவது சொல்ல முடியும். இவரைப் பத்தி இதை வச்சு நான் எதுவும் சொல்லக் கூடாது."

"பதினஞ்சுக்கு ஆறு" என்றேன் நான்.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா. மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்தது. அடுத்த கேள்விக்கும் அதுவே, அதற்கடுத்ததற்கும் அதுவே.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னேன். "சனிக்கிழமை நான் போறேன். நீயும் அதே பஸ்ல வா. முன்னாடி லேடீஸ் சீட்டுல உக்காரு. நான் பின்னாடி. ஃபேக்டரி கேட் வரைக்கும் நீ என்னோட ஒரு வார்த்தை பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. போய்ச் சேரலைன்னா இனிமே வேலைன்னு வாயைத் திறக்க மாட்டேன்."

"இதென்னடா பந்தயம்?"

"பந்தயம்தான்."

"மெட்ரோவுலயாவது போயேன்டா. ஹெப்பகோடியிலயே ஸ்டேஷன் இருக்கு."

"அதுல ஓயாம அறிவிப்பு. எனக்குக் காதுல ஏற்கெனவே ஒருத்தன் போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கார்டு தயாரித்தேன். ஒரு பட்டியலை என் தலை வைத்துக்கொள்ளாது. சட்டைப்பை வைத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. ஈஜிபுராவிலிருந்து சில்க் போர்டுக்கு ஒரு பஸ். அங்கிருந்து ஹெப்பகோடி தாண்டிப் போகும் இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் வரிசையாக வரவேண்டிய நிறுத்தங்கள்: பொம்மனஹள்ளி, கூட்லு கேட், சிங்கசந்திரா, ஹொச ரோடு. ஒவ்வொன்றும் வரவர ஒரு கோடு போட வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம். ஏழு மணிக்குக் கிளம்புவது என்று எழுதினேன். மிச்சமிருக்கும் அரை மணி நேரம் தப்புக்கு. தப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு இடம் விட்டால் போதும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கண்டக்டர் அக்காவிடம் போனார். பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதாரைக் காட்டினால் போதும். அக்கா கைப்பையைக் குடைந்தாள். மறுபடி குடைந்தாள். என்னைக் கிளப்புகிற பதற்றத்தில் ஆதாரை வீட்டிலேயே விட்டுவிட்டாள். கண்டக்டர் ஏதோ சொல்ல, முகம் சிவக்கக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினாள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு யாரும் படிவம் நிரப்புவதில்லை.

சில்க் போர்டில் கூட்டம். மூன்று பஸ்களை விட்டேன், நம்பர் சரியாகத் தெரியவில்லை. நாலாவதில் ஏறினேன். அக்கா முன்வாசலில் ஏறினாள். கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்குக் காத்திருந்தேன்.

பொம்மனஹள்ளி வரவில்லை. பஸ் மேம்பாலத்தில் ஏறிவிட்டது.

நான் எழுதியிருந்த நிறுத்தங்கள் எல்லாம் கீழே இருந்தன. மேலே ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சுவர், மொட்டை மாடிகள், விளம்பரப் பலகைகள். ஒரு கோடு கூடப் போட முடியவில்லை. கை வியர்த்துக் கார்டு ஈரமாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்து டிவியை யாரோ சத்தமாக வைத்தார்கள். அத்திபெலே, அத்திபெலே என்றான் அவன். இறங்காதே.

முன்னால் பார்த்தேன். அக்கா திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு எல்லாம் சரியாகிவிடும். வேலையும் போய்விடும்.

நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவள் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். கம்பியை விடவில்லை.

கார்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: தெரியவில்லை என்றால் கண்டக்டரைக் கேள்.

எழுந்து போய்க் கேட்டேன். "ஹெப்பகோடி ஹோகுத்தா சார்?"

"ஹோகுத்தே. கூத்கொள்ளி" என்றார், போகும், உட்காருங்க என்று. அவருக்கு இது தினமும் நூறு பேர் கேட்கிற கேள்வி. என்னை இரண்டாவது முறை பார்க்கக்கூட இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

உட்கார்ந்து பேனாவை எடுத்தேன். 'சில பஸ் மேம்பாலத்திலும் போகும்' என்று கார்டில் எழுத ஆரம்பித்தேன். பஸ் குலுக்கியதில் எழுத்து கோணியது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். நிமிர்ந்தபோது ஹெப்பகோடி பின்னால் போய்க்கொண்டிருந்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தத்தைப் பார்த்திருக்கிறாள். சொல்லவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். இருபதடி பின்னால் செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. ஒரு பெட்டிக்கடையில் வழி கேட்டேன், இன்னொரு கடையில் அதையே மறுபடி கேட்டேன். தொழிற்சாலை கேட்டுக்குப் போனபோது மணி எட்டு ஐம்பத்திரண்டு.

அப்பாதுரை அண்ணன் கேட் ஓரத்தில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்தார். கட்டை மீசை, கையில் ஒரு பூசணிக்காய். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? இவனைக் கூட்டியாந்தீங்களா?"

கேட்டுக்கு வந்தாயிற்று, இனி அவள் பேசலாம்.

"இல்லீங்க" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "நான் இவன் அக்கா. பின்னாடி வந்தேன், அவ்வளவுதான். பஸ் ஏறுனது, வழி கேட்டது, எல்லாம் அவன்தான். நான் வாயே தொறக்கல. நிறுத்தத்தை விட்டுட்டு ஒரு கிலோமீட்டர் நடக்க வச்சான், அப்பவும் தொறக்கல."

"நிறுத்தத்தை விட்டானா?"

"விட்டான். அப்படியும் நேரத்துக்கு வந்துட்டான்ல?"

அவர் பூசணிக்காயை என் கையில் வைத்தார். "உள்ள கொண்டு போ. நீங்க கெளம்புங்கம்மா. இவன் நாலு மணிக்கு வருவான்."

அக்கா என்னைப் பார்த்தாள். போவதா வேண்டாமா என்று கேட்பது போல இருந்தது. அவள் என்னிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"போக்கா" என்றேன்.

போனாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மெஷின் எளிது. தட்டை அடுக்கு, மூடு, அழுத்து, திற. அங்கேயும் ஒரு கார்டு எழுதிச் சுவரில் ஒட்டினேன். திரும்பும்போது சில்க் போர்டில் தவறான பஸ்ஸில் ஏறி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினேன். ஈஜிபுரா வந்தபோது மணி ஆறேகால். அக்கா தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள், கையில் போனோடு.

"அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணேன்" என்றாள். "பஸ் கேள்விக்கு டிக்கை மாத்தணும்னு சொன்னேன். மாத்த முடியாதாம். அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு உள்ளதாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி கேப்பாங்களாம். அப்ப சொல்லிக்கணுமாம்."

"சரி, அப்ப சொல்லு."

"ஆறு மாசம் நீ போகணுமேடா."

"போவேன்."

அவள் வீட்டுக்கு நடந்தாள். சாப்பிட்ட பிறகு மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கையில் கொடுக்கவில்லை. நானே பிரித்துப் போட்டுக்கொண்டேன். சமையலறையில் குழாய் நின்றது. அட்டையை எண்ண வருவாள் என்று நினைத்தேன். வந்தாள், எண்ணினாள்.

நான் புதுக் கார்டு எடுத்தேன். முன்பக்கம் கீழ்ச் சாலை நிறுத்தங்கள். பின்பக்கம் மேம்பாலம்: பஸ் கீழே இறங்கியதும் கண்டக்டரைக் கேள், எழுதிக்கொண்டிருக்காதே. கடைசியில், திங்கள் ஏழு மணி. தப்புக்கு அரை மணி நேரம்.