ஒரு டம்ளர் மழை

பரகான் சமவெளியில் அந்த ஜூன் மாதம் மழை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். வானிலை நிலையத்தில் முப்பது வருஷம் அளவெடுத்த வெதூரியாவின் பழைய நோட்டுகளிலும் மழை ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் வெயிலும் கிழக்குக் காற்றும் சேர்ந்து மண்ணிலிருந்தும் பயிரிலிருந்தும் உறிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பெய்கிற மழை பானையில் நிற்பதற்குள் வானம் திருப்பிக் குடித்துவிடுகிறது.

தலைநகர் புகாரெஸ்டின் அதிகாரிகளுக்கும் இது தெரியும். மாதத்தில் ஆவியாகிப் போன நீரிலிருந்து பெய்த மழையைக் கழிப்பார்கள். மிச்சம் நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த ஊருக்கு வறட்சி என்று எழுதிக் கால்வாய் மதகைத் திறப்பார்கள். தாண்டாவிட்டால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. வெதூரியாவின் அண்ணன் அங்கேலின் பன்னிரண்டு ஹெக்டேர் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் அந்த மதகை நம்பித்தான் நின்றது.

இப்போதெல்லாம் மழையை அளந்து புகாரெஸ்டுக்குச் சொல்வது இயந்திரம். வெதூரியாவுக்கு மிஞ்சியது நிலையத்துப் புல்லை வெட்டுவதும் வேலிக் கதவைப் பூட்டுவதும்.

பதினெட்டாம் தேதி ஊர்ப் பெண்கள் மழை வேண்டிப் பாபருதா ஆட்டம் கொண்டுவந்தார்கள். இலை தழையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் ஆடுவாள். வீட்டுக்காரர்கள் அவள் தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும். ஒரு கதவையும் விட்டுவிடக் கூடாது. விட்டால் அந்த வீட்டு மழை போச்சு. நிலையத்துக்கும் ஒரு கதவு இருந்ததே.

"தெறந்து விடு தங்கச்சி, மழையோட ஆபீஸே இதுதான். இங்க ஊத்தாம வேற எங்க ஊத்துறது?" என்றான் அங்கேல். எல்லோரும் சிரித்தார்கள்.

கோழியைக்கூட மழைமானி பக்கம் அண்டவிடாதவள், அன்றைக்குத் தானே வாளியைத் தூக்கினாள். ஆடிய பெண் சிரித்துக்கொண்டே நழுவினாள். தண்ணீர் சிதறி மழைமானியின் வாய்க்குள்ளும் விழுந்தது. வெதூரியா பார்த்தாள். மேகமே இல்லாத நாளில் வந்த மழையைப் புகாரெஸ்டில் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று தேற்றிக்கொண்டாள். படித்தவர்கள்மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

ஜூலை மூன்றாம் தேதி பஞ்சாயத்து அலுவலகக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்து ஊருக்கு நூற்று ஐம்பத்து மூன்று. அவர்கள் ஊருக்கு நூற்று முப்பத்தொன்பது. பதினெட்டாம் தேதி மழை என்று ஏறியிருந்த பன்னிரண்டு மில்லிமீட்டரைச் சேர்க்காமல் இருந்திருந்தால் நூற்று ஐம்பத்தொன்று. மழைமானியின் சின்ன வாய்க்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பது ஒரு டம்ளர் தண்ணீர்.

புகாரெஸ்டுக்குப் போன் போட்டாள்.

"பதினெட்டாம் தேதி மழை பதிவாயிருக்கேம்மா" என்றான் அங்கிருந்த அதிகாரி.

"அது மழை இல்ல தம்பி. நான் ஊத்துனது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கருவியில ஆள் கை பட்டுச்சுன்னு நான் எழுதுனா உங்க மொத்த மாசத்தையும் தள்ளிருவாங்க. அப்புறம் டான்யூப் கரை நிலையத்தோட கணக்குதான் உங்களுக்கும். அங்க வெறும் நூத்தி இருவது. எழுதட்டுமா?"

"வேணாம்" என்று போனை வைத்தாள். முப்பது வருஷ வேலையில் அவள் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. இன்று ஒரு பொய் எண்ணை நிற்கவிட்டதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் கால்வாயில் தண்ணீர் வந்தது, கரை தொட்டு. அவர்கள் ஊர் மதகு மூடியே இருக்க, அவர்கள் வயலை ஒட்டியே ஓடிப் பக்கத்து ஊருக்குப் போனது. அங்கேல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னாலதான் போச்சு" என்றாள் வெதூரியா.

"ஊருக்கே தெரியும். இன்னும் ஒசரத் தூக்கி ஊத்துன்னு கத்துனது யாரு? நான்தானே."

திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் கதிர் பிடிக்காத பயிரை மாட்டுத் தீவனத்துக்கு அறுத்தார்கள். வெதூரியாவும் கூடவே நின்று அறுத்தாள். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் கால்வாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.