இரண்டு கதவுக்கு ஒரே எண்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, சுஃபியானுடையது. கேம்ப் ரோட்டில் டீ குடிக்கும்போது சொல்லி அழுதான், நான் எழுதிவிட்டேன். அழுதவனிடமிருந்து கதை எடுப்பது ஒன்றும் கௌரவமான வேலையில்லை, தெரியும்.

மாடம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட். கதவுகளுக்குச் சாவி கிடையாது, ரகசிய எண்தான். அந்த எண்களை உருவாக்கும் புரோகிராமை எழுதியவன் சுஃபியான்.

(முதலில் எழுதிய தொடக்கம்: ‘லாசரஸ் சார் சமையலறைத் தரையில் கிடந்தபோது வெளியே மழை…’ பொய். அன்று நல்ல வெயில்.)

2

தொழில் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாண்டிப் போகாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

ரகசிய எண் வேண்டுமென்றால் புரோகிராம் தானாக யோசித்துக்கொள்ளாது. லைப்ரரி என்று அவர்கள் சொல்லும் தொகுப்பில், கணிக்க முடியாத எண்களைத் தரும் கருவி ஒன்று இருக்கும். எல்லோருக்கும் பொது, தெருக்குழாய் மாதிரி. வரிசையில் நின்று ஆளுக்கொரு எண் வாங்கிப் போகவேண்டும். சுஃபியானுக்கு வரிசை பொறுக்கவில்லை. கருவியையே நகலெடுத்து மாடிக்கொன்றாக வைத்துவிட்டான்.

நகல்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்கின. ஒரே எண்களை ஒரே வரிசையில் கொடுத்தன. இரண்டாம் மாடி முதல் வீட்டுக்கு என்ன எண்ணோ, மூன்றாம் மாடி முதல் வீட்டுக்கும் அதே. அடுத்த வீட்டு எண்ணை யார் கேட்கப் போகிறார்கள்? பல மாதம் தெரியவே இல்லை.

3

இரண்டாம் மாடியில் லாசரஸ், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி புஷ்பம் போனபின் தனி ஆள். (முதலில் இவரைச் சிடுமூஞ்சியாக எழுதினேன். “அப்டிலாம் இல்லண்ணா. யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டாரு, அவ்ளோதான்” என்றான் சுஃபியான். அடித்துவிட்டேன்.) அவருக்கு நேர் மேலே மெஹ்ரீன், தாம்பரம் மார்க்கெட்டில் பர்தா கடை வைத்திருக்கிறாள்.

லிஃப்ட் வேலை செய்யாத ஒரு மதியம், போனில் யாரையோ திட்டிக்கொண்டே படியேறியவள் ஒரு மாடி முன்னாலேயே திரும்பிவிட்டாள். தன் எண்ணை அழுத்தினாள். கதவு திறந்தது. உள்ளே அவளுடைய சோபா இல்லை. சமையலறை வாசலில் லாசரஸ் சார் வாய் கோணிக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில், “இன்னும் அரை மணி போயிருந்தா…” என்றார்கள். [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

4

பிழை வெளியே வந்தது. எல்லா எண்களையும் மாற்றியாக வேண்டும். மன்னிப்புக் கேட்கப் போன சுஃபியானிடம் லாசரஸ் குழறலாகச் சொன்னார்:

“எல்லாருக்கும் மாத்திடுப்பா. எங்க ரெண்டு வீட்டுக்கு மட்டும் அப்படியே விட்ரு.”

“ஐயோ, முடியாது சார். தப்பு தப்புதான். புது நம்பர் வந்ததும் மெஹ்ரீன் அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவ்ளோதானே?”

“அவ்ளோதான்,” என்றார் லாசரஸ். “அது கேக்காம கெடச்சுதுப்பா. அந்தப் பொண்ணுக்கு ஆயிரம் வேலை. நான் விழுந்தா வந்து தூக்கும்மான்னு எந்த வாயால கேப்பேன்?”

இதை என்னிடம் சொல்லும்போதுதான் சுஃபியான் அழுதான்.

5

சுஃபியான் நகல்களை அழித்தான். எல்லாக் கதவும் இப்போது ஒரே பொதுக்கருவியிடம் வரிசையில் நின்று எண் வாங்குகிறது. லாசரஸுக்கும் புது எண் வந்தது. கதவுகளைச் சோதிக்கப் போன சுஃபியான், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறி மெஹ்ரீன் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறான். பார்த்தவன் நிற்கவேண்டாமா? இறங்கிப் போய்விட்டான், பயந்தாங்கொள்ளி.

ஆகவே முடிவை நான்தான் எழுதவேண்டும்.

அ. மணி அடிக்கிறார். “சார், நானே கேக்கணும்னு இருந்தேன்…” என்று அவள்—

ஆ. அடிக்காமல் திரும்புகிறார். பின்னால் கதவு திறந்து—

இ. அவள் வீட்டில் இல்லை. சாயங்காலம் அவளே கீழே வந்து—

மூன்றிலும் எண் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது! எத்தனை முறை கேட்டாலும் நான் ஒன்றையேதான் தருகிறேன். அவர் தனியாகக் கிடந்து சாகக்கூடாது என்பது என் ஆசை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. என்னை நம்பாதீர்கள்.

முடிவை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு மேலேயோ கீழேயோ யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

லாசரஸ் சாரின் கை மணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாதம் அடித்த கை. அதிக நேரம் தூக்கி வைத்திருக்க முடியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.