முதலில் தூக்கியது நாயை

கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பழைய படகை வாங்கிவிட்டார். ஆற்றிலும் கால்வாயிலும் நடைவேகத்தில் போகிற டீசல் படகு. ரெண்டு பேர் படுக்க ஒரு கேபின், ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் வெளியே போக வேண்டிய அடுப்படி.

அவர் மனைவி முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள். "காலமெல்லாம் நின்னுட்டே இருந்துட்ட. இனி உட்கார்ந்துட்டே ஊரைப் பார்க்கலாம்" என்றார் அவர். அவள் படகுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "உட்கார இடம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். கேட்டாளே தவிர, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே மூட்டையும் வந்தது. மூட்டை அவர்கள் வளர்த்த நாய். படுத்துக் கிடந்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன துணிமூட்டை மாதிரியே இருக்கும்.

முதல் வாரம் தினம் ஒரு கூத்து. மூட்டை படகிலேயே ஒன்றுக்கு இருக்கட்டும் என்று வாங்கிப் போட்ட புல்பாயை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையும் மாலையும் கரை ஒதுங்கினால்தான் ஆச்சு. ஒருநாள் அது ரொட்டி முழுவதையும் தின்று, ருசி போதாமல் வரைபடத்தின் ஒரு மூலையையும் தின்றது. அவர்கள் திரும்ப வேண்டிய பாலம் அந்த மூலையில்தான் இருந்தது. இன்னொரு நாள் நங்கூரத்தை இழுத்தால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, துருப்பிடித்த சைக்கிள் ஒன்று மேலே வந்தது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று வாத்தியார் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள் நடுப்பகலில் ஒரு படகுத்துறைக்கு வந்தார்கள். மனைவி கயிற்றோடு முன்பக்கம் நின்றாள். காலடியில் நாய்க்கான லைஃப் ஜாக்கெட் மாட்டிய மூட்டை. வாத்தியார் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டார். வேகத்தைக் குறைக்கப் பின்னால் இழுக்க வேண்டிய பிடியைப் பதற்றத்தில் முன்னால் தள்ளினார். படகு மரத்தூணில் போய் இடித்தது. இடித்த வேகத்தில் அவளும் நாயும் தண்ணீரில் விழுந்தார்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஓடிப் போய் ஓரத்தில் குப்புறப் படுத்தார். மூட்டை கைக்கு எட்டும் தூரத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி அவள். முகமெல்லாம் ஈரமுடி, ஒரு கை மட்டும் அவரைப் பார்த்து நீண்டிருந்தது. அவர் நாயின் ஜாக்கெட் முதுகில் இருந்த கைப்பிடியைப் பற்றித் தூக்கினார். தூக்கிவிட்டுத் திரும்பினால், துறையில் மீன்கூடை கழுவிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடி வந்து மனைவியை ஏணிப்பக்கம் இழுத்திருந்தாள். மேலே ஏறியதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "மூட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?"

சாயங்காலம் அவர் கணக்குப் போடுவது போல விளக்கினார். "நாய் பக்கத்துல இருந்துச்சு. ஜாக்கெட்ல கைப்பிடி இருந்துச்சு. உனக்கு நீச்சல் தெரியும்."

"நீங்க சொல்றதுல ஒரு தப்பும் இல்லீங்க" என்றாள் அவள், மூட்டையைத் துவட்டிக்கொண்டே.

மறுநாள் மகளிடம் ஸ்பீக்கர் போனில் அவளே அதை வேடிக்கையாகச் சொன்னாள். "அப்போ வீட்ல அம்மா ரெண்டாவதுதானாப்பா?" என்று மகள் சிரித்தாள். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் முன்பக்கம் வரவே இல்லை. கயிறு பிடிக்கக் கூப்பிட்டால், "நீங்களே பார்த்துக்கோங்க" என்று கேபினுக்குள்ளேயே இருந்தாள். கோபம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. அவர்தான் குட்டி போட்ட பூனை மாதிரி அங்கும் இங்கும் அலைந்தார். கடைசியில் ஒரு தாளை எடுத்துப் படமே வரைந்துவிட்டார். இங்கே படகு, இங்கே நாய், இங்கே நீ. நடுவில் தூரம் வேறு குறித்தார்.

அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நான் கையை நீட்டினேங்க. அதை மட்டும் படத்துல காணோம்."

"பதற்றத்துல நான் கவனிக்கலையே."

அவள் தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள். அவர் சொன்னது பொய். அந்தக் கையை அவர் பார்த்திருந்தார்.

அந்தப் பொய்யோடு ஒரு வருஷம் போனது. அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டபோது, "முழங்கால் வலிக்குதுங்க. நீங்களும் மூட்டையும் போயிட்டு வாங்க" என்றாள். மூன்று நாளைக்கு வேண்டியதைக் கட்டிக் கொடுத்து, மாத்திரை டப்பாவில் வேளை எழுதி ஒட்டி, தெருமுனை வரை வந்து வழியனுப்பினாள்.

நான்காம் நாள் காலையில், பெயர் தெரியாத ஒரு துறையில் மூட்டையை நடைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவர், நின்ற இடத்திலேயே போனை எடுத்தார்.

"உன் கையை நான் பார்த்தேன். அன்னைக்கே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் நாயைத் தூக்கினேன். ஏன்னு இன்னும் தெரியலை. என்னை மன்னிச்சுடும்மா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"பார்த்தீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நம்ம கண்ணு ரெண்டும் நேருக்கு நேர் பார்த்துச்சே. இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே சொல்லியிருந்தா, ஈரத்துணியோட சேர்த்து அதையும் பிழிஞ்சு காயப் போட்டிருப்பேன்."

"இப்போ?"

"இப்போ என்ன. சாப்பிட்டீங்களா?"

அவள் போனை வைத்த பிறகு அவர் படகைத் திருப்பினார். வீடு போய்ச் சேர மூன்று நாள் ஆகும். அவள் திரும்பி வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூட்டை முன்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். எஞ்சின் சத்தம்தான் கூடியது.