நாற்று முடிச்சு

காலையில் கெண்டைக்கால் நனையக் கடந்துபோன இடத்தை, வெயில் உச்சிக்கு வருவதற்குள் கொள்ளிடம் தனக்கென்று எடுத்துக்கொண்டது. நடுவே மிஞ்சியிருந்த மணல்திட்டில் ஏழெட்டு ஆடுகளோடு இராஜாங்கம் நின்றுகொண்டிருந்தான். கரையில் அவன் மனைவி பிரகதீஸ்வரி நின்றாள். இருவருக்கும் இடையில் ஒரு வயலின் அகலம்தான் இருக்கும். செம்மண் நிறத்தில் தண்ணீர் அந்த அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாழைமரம் ஒன்று வேரோடு மிதந்து போனது.

மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போனார்கள். "தண்ணி இங்க வந்து சேர சாயங்காலம் ஆவும்டி. போனதும் ஓட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இராஜாங்கம் திட்டில் மேயவிட்ட ஆடுகளைப் பார்க்கப் போனான். தண்ணீர் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாயிற்று. படகு வேறு ஊரில் இருக்கிறது, அங்கே முடித்ததும் வருகிறோம் என்றார்கள். அதற்குள் திட்டு ஒரு களத்தின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதன் உச்சியில் இராஜாங்கத்தின் இடுப்புயரத்துக்கு ஒரு கருவை மரத்தின் அடிக்கட்டை நின்றது. திட்டில் ஊன்றி நிற்கும் பொருள் அது ஒன்றுதான்.

பக்கத்துக் கொல்லைக்காரர் கோவிந்தராசு, போர்வெல்லில் மோட்டார் இறக்கும் நீளமான கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் ஆற்றைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அதைக் கீழே போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார். அத்தனை தூரம் அதை எறிய யாராலும் முடியாது.

விரால் பிடிக்க அதிராம்பட்டினத்திலிருந்து பைக்கில் வந்திருந்த ஃபாஜில் அப்போதுதான் கிட்டே வந்தான். கையில் ரீல் வைத்த தூண்டில்.

"அக்கா, கயிறு போவாது. என் நூலு போவும். அண்ணன் நூலைப் புடிச்சு இழுத்தா, பின்னாடியே கயிறும் போயிரும். அதை அந்தக் கட்டையில கட்டிட்டா புடிச்சுக்கிட்டே நகர்ந்து வந்துடலாம்."

கோவிந்தராசு நூலை நிமிண்டிப் பார்த்தார். "பூக்கட்டுற நூலு மாரி இருக்கு. இது இழுக்குமா கயித்தை?"

"என்னையே இழுக்கும் ஐயா. இது சாதா தூண்டி நரம்பு இல்ல, பின்னல் நூலு. லேசுல அறுவாது. ஆனா வழவழன்னு இருக்கும். நரம்புக்குப் போடுற முடிச்சைப் போட்டா கழுக்குன்னு உருவிக்கும். முடிச்சுதான் இதுல எல்லாம்."

அவன் நூலை இரட்டையாக மடித்து ஈயக்குண்டின் வளையத்துக்குள் விட்டான். மடிப்பில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, எஞ்சிய வளையத்துக்குள் குண்டையே நுழைத்தெடுத்தான். வாயில் வைத்து ஈரமாக்கி, அவசரமில்லாமல் இறுக்கினான். பிரகதீஸ்வரி அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த நேரத்தில் பார்ப்பதற்கு வேறு வேலை எதுவும் இல்லை.

குண்டு விசிலடித்துக்கொண்டு பறந்து திட்டைத் தாண்டி விழுந்தது. இராஜாங்கம் ஓடி எடுத்தான். கயிற்றின் நுனியில் ஃபாஜில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் சுற்றிக் கட்டிவிட்டான். அந்தப் பக்கம் இராஜாங்கம் இழுக்க ஆரம்பித்தான். கயிறு தண்ணீருக்குள் இறங்கிப் பாதி தூரம்கூடப் போயிருக்காது, அவன் கையை உதறிக்கொண்டு நூலைக் கட்டையில் என்னவோ செய்தான். அடுத்த நொடி நூல் ஆற்றோடு போனது.

பிரகதீஸ்வரியின் போன் அடித்தது.

"கையை அறுக்குதுடி. துண்டைச் சுத்திக்கலாம்னு கட்டையில கட்டிட்டுத்தான் விட்டேன். அவுந்துபோச்சு."

"என்ன கட்டு கட்டுனீங்க?"

"எப்பவும் கட்டுறதுதான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இராஜாங்கம் நாற்றுப் பறிக்கிற ஆள். பறித்த கையோடு நாற்றைப் பிடி பிடியாக முடி கட்டி வீசுவான். நடவுக்காரிகள் சேற்றில் நின்றபடி ஒற்றை இழுப்பில் அவிழ்ப்பார்கள். இழுத்ததும் அவிழாவிட்டால் வசவு விழும். அவன் கட்ட அவள் அவிழ்க்க, கல்யாணமாவதற்கு முன்பிருந்தே நடந்துவருவது. ஆட்டையும் அப்படித்தான் கட்டுவான், வேட்டியையும் அப்படித்தான். "உங்க கட்டு ஒண்ணாவது நிக்குதா?" என்று அவள் கேட்காத நாளில்லை.

கயிற்றைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அதன் நுனியில் இருந்த நூலை ஃபாஜில் இழுத்தான். குண்டு எதிலோ மாட்டி, நூல் நடுவில் அறுந்தது. ரீலை விரலால் தடவிப் பார்த்தான். "இன்னும் ஒரு வீச்சுக்குத்தான் வரும்க்கா. குண்டும் இது ஒண்ணுதான் இருக்கு. அண்ணனுக்கு முடிச்சைச் சொல்லிக்குடுங்க. நான் சொன்னா பதட்டப்படுவாரு."

தன் தாவணிக்காலத்து நினைவெல்லாம் வந்து மோத, அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவள் கட்டைக்கென்று ஃபாஜில் காட்டிய முடிச்சை, கரையிலிருந்த புங்க மரத்தின் கிளையொன்றில் நூல் துண்டால் போட்டுக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை உருவிக்கொண்டது. மறுபடி போட்டாள். நின்றது.

ஃபாஜில் இரண்டாவது தடவை வீசிய குண்டும் தப்பாமல் திட்டில் விழ, இராஜாங்கம் எடுத்ததும் அவள் போனில் பேசினாள். "சொல்றதைக் கேளுங்க. கட்டையை ஒரு சுத்து சுத்துங்க. நுனியை நூலு மேலயே சுத்திக்கிட்டே வாங்க. முறுக்கு புழியிற மாரி."

"எவ்வளவு?"

"நான் போதும்ங்கிற வரைக்கும். இப்ப அந்த நுனியை, கட்டைகிட்ட ஒரு ஓட்டை தெரியுதுல்ல, அதுல விடுங்க. எச்சி துப்புங்க."

"எங்க?"

"என் தலையில. முடிச்சுல துப்புங்க. மெதுவா இறுக்குங்க."

போனில் அவன் சிரித்தது கேட்டது. "சார்ஜ் போவப்போவுதுடி. குய்யி குய்யிங்குது."

"அப்பப் பேசாதீங்க. செய்ங்க."

ஃபாஜில் நூலின் இந்தப் பக்கத்து நுனியைக் கயிற்றில் கட்டிவிட்டான். இம்முறை இராஜாங்கம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இழுத்தான், களைத்தபோது நூலைக் கட்டையில் முடிந்து இளைப்பாறினான். முடிச்சு நின்றது. கயிறு நீரில் மூழ்கியும் எழுந்தும் பாம்பைப்போல அவனை நோக்கிப் போனது. நுனி அவன் கைக்கு எட்டியபோது கோவிந்தராசு பீடியை எறிந்துவிட்டு, "அடிச்சாம்பாரு" என்றார்.

பிரகதீஸ்வரி போனைக் காதில் அழுத்தினாள். "கேக்குதா? கயித்தையும் அதே மாரி..."

அந்தப் பக்கம் எதுவும் இல்லை. மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது.

"ஏங்க! அதே முடிச்சு!" ஆறு அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் சுற்றிக் காட்டினாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். முழங்கைகள் அசைவது மட்டும் தெரிந்தது. எந்த முடிச்சு என்று முழங்கைகளைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வேகமாக அசைந்தன. புது முடிச்சுக்கு அத்தனை வேகம் ஆகாது.

நிமிர்ந்து கை காட்டினான். கட்டிவிட்டேன், வரட்டுமா என்று.

இந்தப் பக்கம் கயிற்றைப் புங்க மரத்தில் ஃபாஜில் கட்டியிருந்தான். "இழுத்துப் பாத்துரலாமாக்கா?" என்று மெல்லக் கேட்டான். அவனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

இழுத்தால், அது நாற்று முடிச்சாக இருந்தால், கயிறு போய்விடும். இன்னொரு வீச்சுக்கு நூல் இல்லை. இழுக்காமல் விட்டால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குவான். ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டான். தண்ணீர் அவன் பாதத்தை மூடியது.

"நீயே இழு தம்பி" என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சேற்றில் கால் ஊன்றி, கயிற்றைப் பிடித்து, உடம்பை முழுக்கப் பின்னால் சாய்த்தாள்.

முதலில் இறுகியது. அந்த ஒரு கணம் அவளுக்கு உயிர் வந்தது. பிறகு, எத்தனையோ ஆயிரம் நாற்று முடிகளில் அவள் விரல்களுக்குப் பழகிய அதே இளக்கம், அதே சுகமான நழுவல். அவள் மல்லாந்து சேற்றில் விழுந்தாள். கட்டையோடு முடிந்திருந்த மெல்லிய நூல் மட்டும் கயிற்றைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. கடைசிவரை அந்த முடிச்சு அவிழவில்லை. ஆற்றின் இழுப்பில் நூல்தான் அறுந்தது.

"அவர் எறங்குறதுக்கு முன்னாடியே அவுந்துச்சே. அதுவரைக்கும் நல்லது" என்று கோவிந்தராசு கை கொடுத்துத் தூக்கினார். ஃபாஜில் வெறும் ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

இராஜாங்கம் விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்து கட்டையருகே போனான். ஆடுகள் அவனை ஒட்டி நின்றன. படகு கிளம்பிவிட்டதாக யாரோ போனில் சொன்னார்கள், எங்கிருந்து என்று சொல்லவில்லை. அவள் கரையிலேயே உட்கார்ந்தாள்.

அவன் தலைத்துண்டை எடுத்துக் கிழிப்பது தெரிந்தது. கிழித்ததைக் கட்டையில் சுற்றினான். மெதுவாக, மிக மெதுவாக, நுனியை அதன்மேலேயே முறுக்கிக்கொண்டு வந்தான். குனிந்து துப்பினான். பிறகு இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, பார் என்பதுபோல் நின்றான்.

அது நின்றதா அவிழ்ந்ததா என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் பார்க்க முடியவில்லை. கட்டையின் அடியைத் தண்ணீர் தொட்டிருந்தது. அவள் தலையாட்டினாள்.