ஒன்பது என்று எழுதியவர்கள்

பொழுது விடிய இன்னும் அரைமணி இருந்தது. அதற்குள் செவிலி புருல் ஆறு நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்துவிட்டாள். எலும்பு வார்டில் பதினெட்டுக் கட்டில்கள். பார்த்துக்கொள்ள அவளும் சாயிராவும் மட்டும்தான். போன குளிர்காலம்வரை நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு பேரை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. குளோரின் தண்ணீரில் வெடித்த விரல்கள் எரிந்தன. ஒவ்வொரு உடம்பைத் தூக்கும்போதும் நாற்பத்தாறு வயது இடுப்பில் ஊசி இறங்கியது.

ஏழாவது கட்டிலில் தோக்தோசுன் கிடந்தான். முந்தின நாள் மாலை நிலக்கரிச் சுரங்கத்தில் கரிவண்டி தடம்புரண்டு அவன் இடது கால்மேல் சாய்ந்துவிட்டது. தலைமை மருத்துவர் கசிபெக் தானே மாவுக்கட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"வலி எவ்வளவு இருக்கு அண்ணே? பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல தங்கச்சி. வேற ஆளப் போய்ப் பாரு."

சொன்னவனின் மீசைமேல் வியர்வை நின்றது. கட்டில் இரும்பைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. இரவு கொடுத்த ரொட்டி கடிபடாமல் கிடந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரலைப் புருல் மெல்ல நிமிர்த்தினாள். அவன் தொண்டைக்குள்ளிருந்து கத்தி பட்ட மாட்டின் சத்தம் வந்தது. விரல் சில்லிட்டிருந்தது.

உள்ளே கால் வீங்குகிறது, கட்டு இறுக்கி ரத்தத்தை நிறுத்துகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷத்தில் இப்படி ஒரே ஒரு காலைப் பார்த்திருக்கிறாள். அவனுடைய குறிப்புத் தாளில் வலிக்கான கட்டத்தில் ஒன்பது என்று எழுதினாள். 'கட்டை உடனே பிரிக்க வேண்டும்' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாயிராவை மருத்துவர் வீட்டுக்கு ஓடச் சொன்னாள்.

கசிபெக் எட்டு மணிக்குத் தேநீர் குடித்துவிட்டு வந்தார்.

"யாரு ஒன்பதுன்னு எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"அவனே ஒண்ணுமில்லங்கிறான். நீ எந்த மிஷின வச்சு அளந்த?"

"கண்ண வச்சு. விரலத் தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு."

"ஒன்பதுன்னா நான் பூட்டி வச்சிருக்கிற மருந்துப் பெட்டியத் திறந்து பெரிய ஊசி போடணும். ஒவ்வொரு ஊசிக்கும் தணிக்கைக்காரனுக்கு நான் பதில் சொல்லணும். மூணாவது கட்டில் பொம்பள நேத்து ஊரையே கூட்டினா, சும்மா நடிப்பு."

புருல் தூங்கி இருபது மணிநேரம் ஆகியிருந்தது. சொல்லை அடக்க உடம்பில் தெம்பில்லை.

"கத்தினா நடிப்பு. கத்தலன்னா வலியே இல்ல. அப்ப வலின்னா எப்படித்தான் இருக்கணும், டாக்டர்? நீங்களே சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறோம்."

கட்டில்களில் யாரோ சிரித்தார்கள். கசிபெக்கின் காது சிவந்தது. அவர் சாயிரா பக்கம் திரும்பினார்.

"நீ வேற தாள் எடு. மூணுன்னு எழுது. எழுதிட்டு வேலையப் பாரு."

சாயிராவுக்கு இரண்டு குழந்தைகள். கணவன் ரஷ்யாவுக்குப் போனவன், போனவன்தான். அவள் எழுதினாள். பழைய தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நண்பகலில் தோக்தோசுனின் முகம் தெளிந்திருந்தது. "இப்ப நெசமாவே ஒண்ணுமில்ல தங்கச்சி. கால் இருக்கிறதே தெரியல" என்றான். வலி நின்றது கால் செத்துக்கொண்டிருப்பதால் என்று புருலுக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் மாகாணத் தலைநகருக்குப் போன் போட்டாள். அங்கிருந்து அறுவை மருத்துவர் கணவாய்ப் பனியைக் கடந்து வந்துசேர மணி மூன்றரை ஆனது. கட்டைப் பிரித்துப் பார்த்தவர், "காலையிலயே கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கசிபெக் புருலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் தயாராக இருந்தது.

"தாள்ல மூணுன்னு இருக்கு. நிலைமைய நீ எனக்குச் சொல்லல. இதுல கையெழுத்துப் போட்டா வேற வார்டுக்கு மாத்தறதோட விட்டுடறேன்."

"நான் எழுதினது ஒன்பது."

"எங்க காட்டு பாக்கலாம்?"

கதவு திறந்தது. சாயிரா உள்ளே வந்தாள். மடித்து வைத்திருந்த தாளை மேசையில் விரித்தாள்.

"இங்க இருக்கு டாக்டர். மூணுன்னு எழுதினது நான். எழுதச் சொன்னது நீங்க."

"உனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"அதுங்க ஞாபகத்துலதான் மூணு நாளா தூக்கமில்ல. அந்த அண்ணனுக்கும் குழந்தைங்க இருக்கே."

அவள் பின்னால் பிரசவ வார்டிலிருந்தும் காய்ச்சல் வார்டிலிருந்தும் வந்த செவிலியர் நின்றிருந்தார்கள். காலையில் துணி மாற்றும் அறையில் சாயிரா அழுதுகொண்டே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அவர்களில் மூத்தவளான அய்ம்கான், தங்களுடைய மனுவை மேசையில் வைத்தாள்.

"பதினோரு கையெழுத்து இருக்கு. இனிமே நோயாளி சொல்றதையும் நாங்க கண்ணால பாக்கறதையும்தான் எழுதுவோம். எழுதினத யாரும் திருத்தக் கூடாது. வார்டுக்குப் பழையபடி நாலு பேர் வேணும். இதோட நகல் அமைச்சகத்துக்குப் போயாச்சு."

"பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்ப எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"அனுப்புங்க. நாளைக்கு விடியறப்ப அத்தனை பேரையும் நீங்களே புரட்டிப் போடுங்க."

அவர் மனுவைத் தொடவில்லை. விசாரணை வருமா, வந்தால் யார் பக்கம் பேசும், ஒன்றும் தெரியாது. செவிலியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் தோக்தோசுன் கூப்பிட்டான்.

"தங்கச்சி, பாதம் வலிக்குது. பைத்தியம்னு நெனச்சுக்காத."

"எந்தப் பாதம் அண்ணே?"

"இல்லாதது."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. புருல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கேட்காமலே அவன், "எட்டு" என்றான்.

இடது பாதம், வலி எட்டு என்று அவள் எழுதினாள். சாயிரா பேனாவை வாங்கித் தன் பெயரையும் கீழே எழுதினாள். பணி முடிந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்த அய்ம்கானும் எட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றினாள்.

மூவரும் நடந்தார்கள். வழியில் காய்ச்சல் வார்டிலிருந்து இருவர் சேர்ந்துகொண்டார்கள். புருல் இடுப்பைப் பிடித்தபடி தலைமை மருத்துவரின் கதவைத் தட்டினாள்.

"மருந்துப் பெட்டிச் சாவி வேணும் டாக்டர்."

உள்ளே விளக்கு எரிந்தது. சத்தமில்லை. அய்ம்கான் தட்டினாள். பிறகு சாயிரா. நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்வரை ஐந்து பேரும் மாறி மாறித் தட்டினார்கள்.